மூன்றாம் ஓலை

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் அவன் தான் ஜெயித்த கதைகளாக எடுத்து விடுவான். என்னிடமும் அப்படி நாலைந்து இருக்கின்றன, கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனவை. அவற்றை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓலை வாசித்து முடித்த பிறகு வரும் சின்ன இடைவெளியைப் பற்றி எழுதுகிறேன். என் வேலையில் நான் சறுக்கிய இடம் அதுதான்.

ஓலை என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்போம். பேருக்குத்தான் ஓலை. நான் வாசித்ததெல்லாம் கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியது. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாமும் கேட்கிறோம்.

எனக்கு வேலை பழக்கிய ஆயர் ஒருவர் இருந்தார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், மண்ணுக்குள் இருந்தாலும் கோபித்துக்கொள்வார். அவர் ஓலை வாசித்து முடித்தால் வாய்க்குள் ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் சும்மா நிற்பார். ஒரு முறை அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் ஓர் அம்மா இருமிவிட்டார். இவர் பீடத்தை விட்டு இறங்கிப் போய், "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அந்த அம்மா வெலவெலத்துப்போய், "இல்லங்க ஐயா, சளி" என்றார். கோயிலே சிரித்தது. இனிமேல் ஓலை வாசிக்கிற அன்றைக்கு எல்லோரும் மிளகு ரசம் குடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று மத்தியானம் பந்தியில் கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு என்னிடம், "சளியா இல்லையான்னு போய்க் கேட்டாத்தானே தெரியும்" என்றார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. வயசு அப்படி.

அந்த ஆயரின் வட்டத்தில்தான் என்னை உபதேசியாராகப் போட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போய், அங்கிருந்து தென்னேரி பஸ் பிடித்து, ஏரிக்கரை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஒரே ஒரு தெரு. பதினெட்டுக் குடும்பங்கள். ஆயர் மாதம் ஒரு முறை வந்து திருவிருந்து நடத்திவிட்டுப் போவார். மற்ற நாட்களுக்கு நான்தான் எல்லாம். நான் தெற்கத்தி ஆள். கல்யாணமாகி ஆறு மாதம். எனக்கு இருபத்தேழு வயது, என் மனைவிக்கு இருபத்திரண்டு. கோயிலை ஒட்டி ஓர் அறை, அதில் ஒரு மூலை அடுப்பு, ஒரு மூலை எங்கள் டிரங்குப் பெட்டி. முதல் வாரத்தில் தெருக்காரர்கள் "இன்னா ஐயா" என்று ஆரம்பித்தாலே ஏதோ சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைப்பேன். ஆறு வருஷம் இருந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய சபைகளில், பங்களா மாதிரியான வீடுகளில் இருந்தாயிற்று. என் மனைவி பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தது அந்த ஓர் அறையில் மட்டும்தான்.

அந்தத் தெருவில் இரண்டு பெரிய குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. காரணம், கோயில் மணியை யார் அடிப்பது என்பது. சிரிக்காதீர்கள். உங்கள் சபையிலும் இப்படி ஒன்று இருக்கும், போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு வீட்டார் ஆராதனைக்கு வந்தால் மற்ற வீட்டார் வரமாட்டார்கள். நான் இரண்டு வருஷம் அலைந்து திரிந்து, ஒரு வீட்டுப் பையனுக்கும் மற்ற வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் பேசி முடித்தேன். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பெண் எஸ்தர். மணிச் சண்டை இதோடு தீர்ந்தது என்று ஆயருக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எஸ்தருக்கு அப்போது இருபது வயது. தினமும் பஸ் ஏறிக் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெசவு செய்பவர் நடுவில் சேலைக்கு நூல் ஏற்றிய நாடாவை எறிவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவாள். சாயங்காலம் வந்து என் மனைவியிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வாள். அந்த வருஷம் அவளுடைய அம்மா ராகேலுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்தர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள்.

அம்மா கண் மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். ராகேல் அம்மா தன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கல்யாணத்த பாத்துட்டா போதும், இல்ல?" என்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். படுக்கையில் கிடப்பவர்கள் எதற்கும் தலையை ஆட்டுவார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இதற்கிடையில் தெருவில் இன்னொரு பேச்சும் கிளம்பியிருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பெண் திடீரென்று தறி வேலையை ஏன் விட்டாள், அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, யாரோ ஒரு பையன் என்று. எனக்கும் காதில் விழுந்தது. நான் யாரையும் விசாரிக்கவில்லை. ஆனால் நம்பிவிட்டேன்.

கல்யாணப் பெண் ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கோயிலுக்கு வருவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை, வெட்கம். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் எஸ்தர் வரவில்லை. இரண்டு முறையும் நான் என் ஆயர் போலவே வாய்க்குள் பரமண்டல ஜெபம் சொல்லி நின்றேன். மூன்றாம் ஓலைக்கு அவள் வந்துவிட்டாள். பெண்கள் பக்கம் வாசலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்தாள். என் மனைவி அவளுக்கு முன் வரிசையில் இருந்தாள். ஆண்கள் பக்கம் இரண்டு சம்பந்திகளும் அக்கம்பக்கமாக, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரே பாயில் இருந்தார்கள்.

வாசித்து முடித்தேன். நிமிர்ந்தேன். பரமண்டல ஜெபத்தில் இரண்டு வரி போயிருக்கும். எஸ்தர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு முழங்காலைத் தூக்கிப் பாதி எழுந்தாள். தலையில் போட்டிருந்த முக்காடு சரிந்தது. அவள் வாய் திறந்திருந்தது. அவள் பார்த்தது என்னைத்தான்.

இவ்வளவும் நடந்தது இரண்டு மூன்று நொடிதான். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் என்னென்ன ஓடியது என்று இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இவள் இப்போது தறிக்காரர் வீட்டுப் பையன் பெயரைச் சொல்லப்போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்கள். கோயில் வாசலிலேயே அடிதடி நடக்கும். பக்கத்துத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆயருக்கு நான் எழுதிய மூன்று பக்கக் கடிதமும் வீண். எல்லாம் நினைத்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாளோ அதைக் கேட்போம் என்று மட்டும் நினைக்கவில்லை. காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொல்லி, யாரும் எடுப்பதற்கு முன்னால் நானே பாட ஆரம்பித்தேன். சுருதி தாறுமாறாக ஏறிப்போயிருந்தது. சபை தட்டுத் தடுமாறிச் சேர்ந்துகொண்டது. நான் மறுபடி அந்தப் பக்கம் பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டாள். "எஸ்தர் எந்திரிச்சாளே, பாத்தீங்களா?"

"பாக்கலையே" என்றேன்.

"எனக்குப் பின்னால சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தேன். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாரேன்."

போய்க் கேட்டாள். ஒன்றும் இல்லையாம் என்று வந்து சொன்னாள். அப்படியானால் நாமும் கேட்டாயிற்று என்று நான் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பொய் சொன்ன அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். மனசாட்சி உடனே குத்தும் என்று நாம்தான் பிரசங்கத்தில் சொல்கிறோம்.

கல்யாணம் நடந்தது. ராகேல் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்து கோயில் வாசலில் வைத்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள். மணியை இரண்டு குடும்பமும் வாரம் ஒருவராக அடிப்பது என்று முடிவாயிற்று. ஆயர் என் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எஸ்தர் ஓசூர் போனாள்.

இரண்டரை மாதத்தில் ராகேல் அம்மாவுக்கு முடியாமல் போனது. கடைசி நாட்களில் எஸ்தரின் அண்ணனோடு நானும் என் மனைவியும் அந்த வீட்டிலேயே இருந்தோம். எஸ்தருக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். புதிதாகக் கட்டிக்கொடுத்த பெண்ணைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. இறந்த பிறகுதான் தந்தி போனது. அவள் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியாகிவிட்டது. மகள் கல்யாணத்தைக் கண்குளிரப் பார்த்துச் சமாதானத்தோடு போனவர் என்று கல்லறையில் ஜெபம் செய்தேன். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவளிடம் நான் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் மாற்றல் வந்தது.

பிறகு நான் குருப்பட்டம் வாங்கினேன், ஊர் ஊராகப் போனேன். எத்தனையோ ஓலை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் முடித்த பிறகு ரொம்ப நேரம் நிற்பேன். ஆயர் நின்றுகொண்டே தூங்குகிறார் என்று ஒரு சபையில் எனக்குப் பெயரே வைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஒருத்திதான் எழுந்தாள்.

என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷம் கூட இருந்தவளிடம் அந்த ஒரு பொய்யை நான் சரி செய்யவே இல்லை. அவள் போன பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண்ணின் மனதுக்குப் பிடித்தவனை அவளிடமிருந்து பிரித்துவிட்டேன் என்று எனக்கு நானே ஒரு கதை வைத்திருந்தேன் அல்லவா, அதை நான் உயிரோடு இருக்கும்போதே எஸ்தரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போன மழைக்காலம் முடிந்ததும் கிளம்பினேன்.

தென்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரியைப் பார்த்தேன். கரை தளும்ப நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீர் வாசனை அப்படியே இருந்தது. இப்போது அங்கே ஆயராக இருக்கும் தம்பி பைக்கில் வந்து அழைத்துப் போனார். கோயிலுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். மணி இப்போது ஸ்பீக்கரில் தானாக அடிக்கிறது, அடிப்பதற்குச் சண்டை போட ஆளும் இல்லை. நாங்கள் இருந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். அடுப்பு இருந்த மூலையில் ஒரு ஜெனரேட்டர் நின்றது. அந்தத் தம்பி பாவம், என் ஊழியத்தைப் பற்றி ஏதேதோ மரியாதையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த மூலையில் என் மனைவி ஒரு நிமிஷம் வந்து நின்றால் போதும் என்று இருந்தது. இத்தனை வருஷ ஊழியத்துக்கும் பதிலாக அதைக் கொடு என்று கேட்டிருப்பேன்.

தெருவில் நாலைந்து பேர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். மீதிப் பெயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் வாசித்தேன். எஸ்தர் எங்கே என்று கேட்டதற்கு, "அது காஞ்சிபுரத்திலேயே இருக்குது ஐயா. வூட்டுக்காரர் தவறிட்டாரு. சேலைக்கு குஞ்சம் கட்டிக்கினு இருக்குது, முன்னாடி வேலைக்குப் போய்க்கினு இருந்ததே, அந்த தறிக்காரங்க வூட்லயே குடியிருக்குது" என்றார்கள்.

அந்த வீட்டு முன்பக்கம் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மா என்னைப் பார்த்து, "எஸ்தரக்கா, உங்க கோயில்ல இருந்து யாரோ வந்துக்கிறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். பின்கட்டில் எஸ்தர் தரையில் உட்கார்ந்து, ஒரு பட்டுச் சேலையின் முந்தானையை மணைப் பலகையில் விரித்து, நுனி இழைகளைப் பிரித்துப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"தோத்திரம் ஐயா. ஒக்காருங்க. அம்மா வர்லியா?" என் மனைவியைத்தான் கேட்டாள்.

சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. "ஒரு வார்த்த சொல்லி அனுப்பக்கூடாதா ஐயா. நான் பேரு எழுதறதே அவங்களாலதான்" என்றாள். கொஞ்ச நேரம் என் மனைவியைப் பற்றியே பேசினோம். அவளைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததில் எனக்கு வந்த காரியமே மறந்துவிட்டது. பிறகு எஸ்தர் தன் கதையைச் சொன்னாள். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் இருக்கிறான், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. கணவரைப் பற்றி, "நல்ல மனுஷன்தான் ஐயா. கோவம் வரும், அதே வேகத்துல போய்டும்" என்றாள்.

நான் வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்ததை ஆரம்பித்தேன். "எஸ்தர், மூணாவது ஓலை அன்னிக்கு நீ கோயிலுக்கு வந்திருந்தே. நான் வாசிச்சு முடிச்சதும் பாதி எழுந்தே. நான் பாத்தேன்மா. பாத்துட்டுத்தான் பாட்டை எடுத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அம்மா வந்து, ஐயா பாக்கலைன்னாங்களே."

"அவகிட்ட நான் பொய் சொன்னேன்."

விடுங்க ஐயா, அதெல்லாம் எப்பவோ நடந்தது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அவள் சேலையையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அம்மா மறுநாள் வந்து கேட்டாங்க. இன்னா எஸ்தரு, இன்னா சொல்ல வந்தேன்னு. ஐயா பாத்தாரான்னு நான் கேட்டேன். பாக்கலையாம், பாத்திருந்தா நிறுத்தியிருப்பாருன்னாங்க. எதிர்ல நின்னுக்கினு இருந்தவரு கண்ணுக்கே நான் தெரியலைன்னா, ஆண்டவர்தான் அவரு கண்ண மறைச்சுக்கிறாரு, அவரு சித்தம் இதுதான் போலன்னு நெனச்சேன். அதான் ஒண்ணும் இல்லைன்னுட்டேன். இத்தினி வருஷமும் அப்டித்தான் நெனச்சுக்கினு இருக்கிறேன் ஐயா."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாத்திருந்தா நிறுத்தியிருப்பாரு என்று சொன்ன என் மனைவி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். என் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேனே, யார் தலையில் இறக்குகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. உங்களில் யாருக்காவது பழைய தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தோன்றினால், போவதற்கு முன்னால் இதை ஒரு நாள் முழுக்க யோசியுங்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மனசு லேசாவதற்காகப் போகிறோமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தவிப்பில் இன்னொன்றையும் உளறினேன். "இந்த வீட்டுல யாரையோ நீ விரும்புறேன்னு தெருவுல பேசிக்கிட்டாங்கம்மா. நீ எழுந்து அதைத்தான் சொல்லப்போறேன்னு பயந்துட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யார? இந்த வூட்லயா? அப்போ இங்க இருந்தது பெரியவரும் அவரு சம்சாரமும் அஞ்சு பொட்டப் பசங்களும்தான். இப்ப உங்களப் பாத்து கொரல் குடுத்தாங்களே, அது நாலாவது பொண்ணு." சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அது சிரிப்பு மாதிரி இல்லை. பிறகு சொன்னாள். "இன்னா சொல்ல எழுந்தேன்னு நீங்க இன்னும் கேக்கலையே ஐயா."

உண்மைதான். வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. என் தப்பு, என் பொய், என் பயம் எல்லாம் சொல்லி முடித்தேன், அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போதுதான் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு அப்போ நாந்தான் எல்லாம். தொடச்சு வுடறது, பெரட்டிப் போடறது, எல்லாம் நாந்தான். ஒரு வாய் கஞ்சி நான் குடுத்தாத்தான் எறங்கும். அதுக்கோசரம்தான் வேலையையே வுட்டேன். கல்யாணத்த கொஞ்சம் தள்ளி வெய்ங்க, எங்கம்மா போறவரைக்கும் கூட இருந்துட்டு வரேன், அப்பால நீங்க சொல்ற எடத்துலயே கட்டிக்கிறேன்னு கேக்க எழுந்தேன். வூட்ல சொல்லிப் பாத்தேன், யாரும் காதுல போட்டுக்கல. கோயில்ல சொன்னா கேட்டுத்தானே ஆவணும்னு வந்தேன்."

ஆயருக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் தேதியை மாற்றியிருப்பார். மாப்பிள்ளை வீட்டாரும் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

எஸ்தர் சேலையை இழுத்து மறுபடி பலகையில் சரி செய்தாள். ஒரு முடிச்சுப் போட்டாள். "எங்கம்மா சாவும்போது நீங்க ரெண்டு பேரும் கூட இருந்தீங்க இல்ல?"

"இருந்தோம்மா."

"கல்யாணத்த பாத்துட்டு சமாதானமா போச்சுன்னு கல்லறையில ஜெபம் பண்ணீங்க. தெருவுல எல்லாரும் அதேதான் சொன்னாங்க. நெசமா ஐயா?"

துக்க வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் எல்லாம் என் வாய்க்கு வந்துவிட்டன. நல்ல வாக்கியங்கள்தான், எத்தனையோ பேருக்கு அவை ஆறுதலாக இருந்திருக்கின்றன. ஆமாம்மா என்று சொல்லிவிட்டால் அவள் அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். முன்பும் நான் பார்க்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு அப்படித்தான் இருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். "உன்னைக் கேட்டாங்க. பெரிய ரோட்டுல பஸ் நிக்கிற சத்தம் கேட்டா, எஸ்தர் வந்துட்டாளான்னு கேப்பாங்க. கடைசி நாலு நாளும் கேட்டாங்க. என் வீட்டுக்காரி கஞ்சி கொண்டுபோனா வாயை மூடிக்குவாங்க."

"என்னையா கேட்டுச்சு?"

"உன்னைத்தான்."

"எங்கண்ணன கேட்டுச்சா?"

"அவன் பக்கத்துலயேதான் இருந்தான். உன்னை மட்டும்தான் கேட்டாங்க."

எஸ்தர் தலையை ஆட்டினாள். பிரித்த இழைகள் கலையாமல் அந்தப் பட்டுச் சேலையைப் பலகையிலிருந்து எடுத்து, ஈரம் படாத தூரத்தில் தள்ளி வைத்தாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, அம்மா அன்றுதான் செத்தது போல அழுதாள். முன்பக்கம் தறிச் சத்தம் நின்றது. அந்த நாலாவது பெண் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். என் வாயில் ஜெபம் வந்துவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. எஸ்தர் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.